காடு முடித்துவைக்கும் சிற்பங்கள்

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகளுக்குப் பெயர்போன கம்ப்ரியா மலைப்பகுதியில் கிரைஸ்டேல் என்றொரு காடு இருக்கிறது. ஒரு பக்கம் கோனிஸ்டன் ஏரி, மறுபக்கம் விண்டர்மியர் ஏரி, இடையில் ஏறி இறங்கும் மேட்டுநிலம் முழுக்க மரங்கள். படங்களில் பார்த்தால் ஆதிகாலத்து வனம் என்றே தோன்றும். உண்மையில் அதில் பெரும்பகுதி அறுவைக்கென்று நட்டு வளர்த்தது. முதல் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டனில் மரத்துக்குக் கடும் தட்டுப்பாடு. பதுங்குகுழிகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் முட்டுக்கொடுத்தே காடுகள் காலியாகியிருந்தன. அந்தப் பீதியில்தான் 1919-ல் அரசு வனவியல் ஆணையத்தை அமைத்தது. ஆணையத்தின் வேலை எளிமையானது: கிடைக்கிற மேட்டுநிலத்தை வாங்கு, வேகமாக வளரும் ஊசியிலை மரங்களை நடு, வளர்ந்ததும் வெட்டு. வட அமெரிக்காவின் சிட்கா ஸ்ப்ரூஸும் ஜப்பானின் லார்ச்சும் ஆங்கிலேய மலைகளில் அணிவகுப்புப் போல வரிசைகட்டி ஏறின.

ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கவிஞர்களும் நடைபயணிகளும் கொண்டாடிய வெட்டவெளிக் குன்றுகளைக் கரும்பச்சைப் போர்வையால் மூடுகிறார்கள் என்று 1930-களில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 1936-ல் ஆணையம் இறங்கிவந்து, ஏரி மாவட்டத்தின் நடுப்பகுதியில் சுமார் 300 சதுர மைல் பரப்பில் மரம் நட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டது. கிரைஸ்டேல் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. அங்கே இருந்த மாளிகைக்கு இரண்டாம் உலகப்போரில் வேறொரு வேலை வந்தது. பிடிபட்ட ஜெர்மானிய அதிகாரிகளை, குறிப்பாக நீர்மூழ்கிக் கப்பல் தளபதிகளை, அதில் அடைத்துவைத்தார்கள். 1957-ல் மாளிகையை இடித்துவிட்டார்கள்.

மரத் தொழிற்சாலை, போர்க்கைதி முகாம், ஊராரின் மனக்கசப்பு. இப்படிப்பட்ட இடத்தில்தான் இயற்கைப் பொருள்களைக் கொண்டு வேலை செய்யும் கலைஞர்களுக்கான தங்கல் திட்டங்களில் முன்னோடியான ஒன்று 1977-ல் தொடங்கியது. கலைஞர்கள் ‘ரெசிடென்சி’ என்று சொல்லும் ஏற்பாடு இன்று உலகம் முழுக்க, நம் நாட்டிலும், மலைத்தோட்டத்திலும் கடற்கரையிலுமாகப் பெருகிவிட்டது. விண்ணப்பத்தில் ‘சூழலியல்’ என்ற சொல் இல்லாவிட்டால் நிதி கிடைப்பது கடினம் என்னும் நிலை. அதனால்தான் கிரைஸ்டேலைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே நடந்ததில் கற்றுக்கொள்ளவும் சண்டை போடவும் நிறைய இருக்கிறது.

வனக்காரர் போட்ட விருந்து

இதைத் தொடங்கியவர் கலை விமர்சகரோ கேலரிக்காரரோ அல்ல. பில் கிராண்ட் என்ற வனத்துறை அதிகாரி. 1960-களின் இறுதியில் காட்டுக்கு நடுவே ‘காட்டு நாடக அரங்கு’ ஒன்றை உருவாக்கி, அங்கே இசைக் கச்சேரியும் நாடகமும் நடத்திக்கொண்டிருந்தவர். காடு மரத்துக்கு மட்டுமல்ல, மனிதர்கள் வந்துபோகவும்தான் என்பது அவர் எண்ணம். அன்றைய வனத்துறையில் அது அதிகம் கேட்கப்படாத குரல். இங்கிலாந்தின் வடபகுதிக்கான கலை அமைப்பான ‘நார்தர்ன் ஆர்ட்ஸ்’ அவரோடு கைகோத்தது.

நிபந்தனைகள் சில. கலைஞர் காட்டிலேயே தங்கலாம், ஆறு மாதம் வரைகூட. தங்க இடமும் செலவுக்கு ஒரு சிறு தொகையும் உண்டு. காட்டில் கிடைப்பதை வைத்து, காட்டிலேயே வேலை செய்ய வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். செய்ததை அங்கேயே விட்டுப் போக வேண்டும். அதற்குப் பிறகு மழை, பனி, பூஞ்சை பாடு.

இந்தக் கடைசி நிபந்தனைதான் முழு விஷயமும் என்பது என் கட்சி. ‘இயற்கைப் பொருள்’ என்பதில் புதுமை ஏதும் இல்லை. சிற்பிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரத்தையும் கல்லையும்தான் செதுக்கிவந்திருக்கிறார்கள். செய்து முடித்ததைக் காப்பாற்றும் கடமை யாருக்கும் இல்லை என்பதுதான் புதிது. அதாவது மேற்கத்தியக் கலை உலகுக்குப் புதிது. நம்மூரில் புரவியெடுப்பன்று ஊர்கூடிச் சுமந்துபோய் அய்யனார் கோயிலில் நிறுத்தும் மண்குதிரையை அடுத்த ஆண்டு யாரும் ஒட்டவைப்பதில்லை. காலுடைந்து கிடக்கும் பழைய குதிரைக்குப் பக்கத்திலேயே புதுக்குதிரை வந்து நிற்கும். செய்துகொடுத்த வேளாருக்கும் அதில் வருத்தம் இல்லை. அருங்காட்சியகத்தில் பழகிய ஐரோப்பியச் சிற்பிக்கோ அப்படி விட்டுவிட்டுப் போகத் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது.

முதலில் வந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹாரிஸ். கைவிட்ட கல்குவாரி ஒன்றில், அங்கே கிடந்த கல்லையும் வளைத்த மரத்தையும் கொண்டு, குவாரியே தன் உடம்பிலிருந்து வளர்த்ததுபோல ஓர் அமைப்பைச் செய்தார். 1978-ல் டேவிட் நாஷ் வந்தார். அவர் செய்த ‘ஓடும் மேசை’யில் இயல்பாகவே வளைந்தும் கவைத்தும் வளர்ந்த கிளைகள்தான் கால்கள், மேசை மரங்களுக்கிடையே ஓட்டமெடுத்தது போல நிற்கும். நாஷ் இன்னொன்றும் செய்தார்: சிற்றோடையின் தண்ணீரை மரத்தண்டுகளையும் கிளைகளையும் குடைந்து அவற்றின் வழியே ஓடவைத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, கலைஞர்களுக்கு வாய்த்த பக்கத்துவீட்டுக்காரர்கள். கலைக்கல்லூரியில் மரம் என்பது பலகையாக வரும். இங்கே அது நின்றுகொண்டிருக்கிறது. வெட்டினால் எந்தப் பக்கம் விழும், எவ்வளவு ஈரம் தாங்கும், எத்தனை பேர் சேர்ந்தால் இழுக்கலாம் என்பதெல்லாம் வனத்தொழிலாளிக்குத்தான் தெரியும். ஸ்ப்ரூஸ் மண்ணைத் தொட்டால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். லார்ச் அதைவிடத் தாங்கும். ஓக் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆகவே எந்த மரத்தைக் கையில் எடுக்கிறோம் என்பதிலேயே சிற்பத்தின் ஆயுள் முடிவாகிவிடுகிறது. காட்டில் வேலை பார்ப்பவர்கள் அன்றாடம் போடும் இந்தக் கணக்கைச் சிற்பிகள் அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஓடையில் சிக்கிய மர உருண்டை

அதே 1978-ல், கிரைஸ்டேலுக்கு வெளியே, தான் வாழும் வட வேல்ஸில் நாஷுக்கு ஒன்று நேர்ந்தது. மென்ட்ரோக் என்ற ஊருக்கு அருகே விழுந்துவிட்ட பெரிய ஓக் மரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் முதலாவதாக ஓர் உருண்டையைச் செதுக்கினார். குறுக்களவு ஏறத்தாழ ஒரு மீட்டர், எடை அரை டன்னை ஒட்டி இருக்கும். சரிவில் இறங்கும் ஓடையில் உருட்டிவிட்டால் கீழே சாலைக்கு வந்துவிடும், அங்கிருந்து ஸ்டுடியோவுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். பாதி வழியில் அருவி ஒன்றின் கீழ் அது சிக்கிக்கொண்டது.

இன்னொருவராக இருந்தால் கயிறும் கப்பியும் கொண்டுவந்திருப்பார். நாஷ் கொஞ்சம் யோசித்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டார். ஸ்டுடியோவில் வைத்தால் அது காய்ந்து வெடிக்கும் ஒரு மர உருண்டை. ஓடையில் கிடந்தால் அது ஒரு பாறை. பிறகு பல ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் போய்ப் பார்ப்பது, படம் வரைவது, புகைப்படமெடுப்பது. வெள்ளம் வரும்போது கொஞ்சம் நகரும். ஆண்டுக்கணக்கில் ஒரே குட்டையில் கிடக்கும். 2002-ல் வந்த பெருவெள்ளம் அதை டுய்ரிட் ஆற்றில் சேர்த்தது. அங்கிருந்து கடல் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம். ஓதத்தோடு மேலேயும் கீழேயும் அலைந்த உருண்டை 2003-ல் கண்ணில் படாமல் போனது. கடலுக்குப் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து 2013-ல் கழிமுகத்துச் சேற்றில் மறுபடி தலைகாட்டியது. பிறகு மறுபடி மறைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய சிற்பங்களில் ஒன்று என்று இதைச் சொல்லத் தயங்கமாட்டேன். செதுக்கியது கொஞ்ச நாள். மீதி வேலையை ஓடை, வெள்ளம், ஓதம் மூன்றும் செய்தன. விற்க முடியாது, காப்பீடு செய்ய முடியாது, எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது.

நாஷின் இன்னொரு வேலை அதற்கு ஓராண்டு முன்னது. 1977-ல் ஃபெஸ்டினியோக் பள்ளத்தாக்கில் தனக்குச் சொந்தமான நிலத்தில் 22 ஆஷ் மரக்கன்றுகளை 30 அடி வட்டமாக நட்டார். முதலில் நட்டவற்றை ஆடு மேய்ந்துவிட்டது. வேலி போட்டு மறுபடி நட்டார். ஆண்டுகள் போகப்போக, ஊர்க்காரர்கள் உயிர்வேலிக்குச் செய்வதுபோலத் தண்டை லேசாகக் கொத்தி, வளைத்துக் கட்டி, எல்லா மரங்களையும் சுழன்று ஏறும் கவிகைபோல வளரவைத்தார். பனிப்போரும் பொருளாதார மந்தமும் சேர்ந்து நாளை என்று ஒன்று இருக்குமா என்றிருந்த காலத்தில், இருபத்தோராம் நூற்றாண்டில்தான் முழுமை அடையும் ஒன்றை நடுவது ஒரு நம்பிக்கைச் செயல் என்று அவர் பின்னாளில் விளக்கினார்.

இருபத்தோராம் நூற்றாண்டும் வந்தது. ஆஷ் மரங்களைக் காயவைக்கும் பூஞ்சை நோயும் கூடவே வந்தது. ஐரோப்பா முழுக்கப் பரவிய அந்த நோய் பிரிட்டனில் 2012-ல் கண்டறியப்பட்டது. கவிகை மரங்களும் தப்பவில்லை. மருந்தடித்துக் காப்பாற்ற முயல்வதற்குப் பதிலாக, வட்டத்துக்கு வெளியே ஓக் கன்றுகளை நட்டு நாஷ் வேலையைத் தொடர்ந்தார். உருண்டையை ஓடைக்கு விட்டுக்கொடுத்தவருக்கு இதுவும் முடிந்தது. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. ஓடை உருண்டையை எடுத்துக்கொண்டது இயற்கை என்றால், ஆஷ் நோய் பரவியதில் நாற்று வணிகத்துக்கும் பங்கு உண்டு. கிழக்காசிய மரங்கள் தாங்கிப் பழகிய ஒரு பூஞ்சை, ஐரோப்பிய மரத்தை வந்து தொட்டதின் விளைவு அது. ‘எல்லாம் இயற்கையின் விளையாட்டு’ என்று கலைஞர் கைகட்டி நிற்க முடியாத இடம் இங்கே வருகிறது.

கோல்ட்ஸ்வொர்த்தியும் புகைப்படமும்

கிரைஸ்டேலை உலகறியச் செய்தவர் ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி. சிறுவயதிலேயே பண்ணைகளில் வேலை பார்த்தவர். 1984-ல் இங்கே தங்கி ‘ஏழு கூம்புகள்’ செய்தார். ஓங்கிய பைன் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, உயிருள்ள மரங்களுக்கு நடுவே கோபுரம்போல மேல்நோக்கிக் குவித்த ஏழு அமைப்புகள். அடர்ந்த பைன் காட்டில் ஒவ்வொரு மரமும் வெளிச்சத்துக்காக மேலே முட்டிமோதும் வேகத்தை ஓரிடத்தில் குவித்துக் காட்டுவதுதான் நோக்கம். அடுத்த ஆண்டு ‘பக்கவாட்டுப் பாம்பு’: வளைந்த மரத்தண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, தரையில் எழும்பியும் தாழ்ந்தும் ஊர்ந்துபோகும் நீண்ட உடல். 1990-ல் ‘சுவரை உலாவக் கூட்டிப்போதல்’. சாந்தே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கும் கம்ப்ரியாவின் கல்கட்டுச் சுவர், மரங்களுக்குள் புகுந்து புகுந்து நெளிந்துபோகிறது. சுவர் வழக்கமாக மரத்தை வெட்டிவிட்டு நேராகப் போகும். இங்கே சுவர் மரத்துக்கு வழிவிடுகிறது. கல்லடுக்கும் தொழிலில் கைதேர்ந்தவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. பின்னாளில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் சிற்பப் பூங்காவில் 2,278 அடி நீளத்துக்கு அவர் எழுப்பிய சுவருக்குத் தாய் இந்தக் கிரைஸ்டேல் சுவர்தான்.

மரத்தால் செய்தவை இரண்டும் இன்று மண். சுவர் நின்றது. ஆனால் மூன்றையும் நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் புகைப்படத்தால். பனிக்கட்டியும் இலையும் கொண்டு கோல்ட்ஸ்வொர்த்தி செய்யும் சின்ன வேலைகள் வெயில் ஏறினால் உருகிவிடும், காற்றடித்தால் பறந்துவிடும். படங்களோ வழவழப்பான புத்தகங்களாக லட்சக்கணக்கான வீடுகளின் வரவேற்பறை மேசைகளில் இருக்கின்றன. இதில் குற்றம் காணவில்லை. அவரும் வாடகை கட்ட வேண்டும். ஆனால் நிலையாமையைப் போற்றும் கலை, படத்தின் வழியே நிலைத்துப்போனது என்பதை மறைக்க வேண்டாம். படத்தில் சிற்பம் எப்போதும் செய்துமுடித்த அந்தக் காலைப்பொழுதில்தான் இருக்கிறது. பாசி படர்ந்து, கட்டு தளர்ந்து, வண்டு குடைந்த ஏழாம் ஆண்டின் படத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

சூழலியலின் கண்ணோடு பார்த்தால் அந்த ஏழாம் ஆண்டுதான் முக்கியம். பட்ட மரம் ஒரு காட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை ஐரோப்பிய வனவியல் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. காட்டுயிர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏதோ ஒரு கட்டத்தில் பட்ட மரத்தையும் உளுத்த மரத்தையும் நம்பி வாழ்கிறது. விழுந்ததையெல்லாம் பெருக்கித் துப்புரவாக வைத்த தோட்டக்காடுகளில் அதற்குத்தான் பஞ்சம். அந்த வகையில், கேட்பாரற்று உளுத்த சிற்பங்கள் வண்டுக்கும் பூஞ்சைக்கும் வீடாயின. ஆனால் இதைக் கலையின் சாதனை என்று சொல்வது மிகை. வனத்துறை நாலு மரத்தை வெட்டாமல் கிடக்கவிட்டாலும் அதே பலன்தான். மரத்தால் செய்ததாலேயே ஒரு சிற்பம் சூழலியல் ஆகிவிடாது. அறுவைக்காகவே நட்ட ஒற்றை இனக் காட்டுக்குள் நின்றுகொண்டு, அந்தக் காடு எப்படி வந்தது என்று கேட்காத சிற்பம் வெறும் அலங்காரம். முதல் தலைமுறைக் கலைஞர்களில் பலர் அதைக் கேட்கவில்லை.

காடு தானே கேட்டது. ஜப்பானிய லார்ச்சைக் கொல்லும் பைட்டாப்தோரா நோய் 2009-ல் இங்கிலாந்தின் தென்மேற்கில் தென்பட்டு, பிறகு ஏரி மாவட்டத்துக்கும் வந்தது; மலைச்சரிவுகளில் லார்ச்சை மொத்தமாக வெட்ட வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் கிரைஸ்டேலில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. காட்டையே மூடிவைத்துச் சீர்செய்தார்கள். ஒரே வயது, ஒரே இனம், ஒரே உயரம் என்று நட்டுவைத்தால் நோய்க்கும் புயலுக்கும் வேலை சுலபம்.

இத்தாலியின் ஆர்த்தே செல்லாவிலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். வல்சுகானா பள்ளத்தாக்கில் 1986-ல் தொடங்கிய அந்தக் கலைக்காட்டில் ஜூலியானோ மௌரி 2001-ல் ‘தாவரப் பேராலயம்’ எழுப்பினார். கிளைகளைப் பின்னிய 80 தூண்கள், ஒவ்வொன்றும் 12 மீட்டர் உயரம். தூண்களுக்குள்ளே ஹார்ன்பீம் கன்றுகள். கிளைத்தூண் உளுத்து உதிர, உள்ளே வளரும் மரம் தூணாகிவிடும் என்பது கணக்கு. மௌரி 2009-ல் இறந்தார், மரங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. 2018 அக்டோபரில் வையா புயல் வடகிழக்கு இத்தாலியில் கோடிக்கும் மேற்பட்ட மரங்களை ஒரே மூச்சில் சாய்த்தபோது ஆர்த்தே செல்லாவுக்கும் பலத்த சேதம். உடனே நிதி திரட்டினார்கள், மறுபடி திறந்தார்கள். கட்டணம் வாங்கிப் பார்க்கவிடும் இடம், மூடியா வைக்க முடியும்?

வரைபடம் வந்தது, வம்பும் வந்தது

கிரைஸ்டேலில் தொடக்கத்தில் சிற்பங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நடந்துபோகிறவர் ஒரு திருப்பத்தில் தற்செயலாக ஒன்றைக் காண்பார். அது யாராவது செய்ததா, தானாக அமைந்ததா என்று ஒரு கணம் குழம்புவார். அந்தக் குழப்பம்தான் சுகம். பிறகு பேர் பரவியது. சைலூரியன் வே என்ற ஒன்பதரை மைல் நடைபாதை சிற்பங்களை இணைத்தது. வரைபடம் அச்சானது. வரைபடம் வந்துவிட்டால், அதில் குறித்தது அங்கே இருந்தாக வேண்டும். குழந்தைகளோடு தொலைவிலிருந்து வந்தவர் ‘எட்டாம் எண் சிற்பம் எங்கே, வெறும் மரக்குப்பைதானே கிடக்கிறது’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பழுது பார்ப்பதும் ஆபத்தானதை அகற்றுவதும் நிலைத்து நிற்கும் பொருளைத் தேடுவதும் ஒவ்வொன்றாக நுழைந்தன. ஆணையத்தையும் குறை சொல்ல முடியாது. உளுத்த மரக்கோபுரம் ஒருவர் தலையில் விழுந்தால் வழக்குக்கு யார் போவது?

சிற்பத்தைக் காடு முடித்துவைத்த காலம் போய், பார்வையாளர் முடித்துவைக்கும் காலம் வந்தது என்று இதைச் சுருக்கலாம். சைக்கிள் பாதையும் கயிற்றுச் சாகசமும் வந்த பின்பு காடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் முகத்தையும் பெற்றுவிட்டது.

தங்கல் திட்டத்தை நடத்திவந்த கிரைஸ்டேல் ஆர்ட்ஸ் அமைப்புக்கு 1999-ல் ஆடம் சதர்லேண்ட் இயக்குநராக வந்தார். காட்டுக்குள் இன்னொரு சிற்பம் வைப்பதில் அவருக்கு ஆர்வமில்லை. ஏரிக்காட்சியை ரசித்துவிட்டுப் போகும் கலைஞரால் இங்கே வாழும் விவசாயிக்கு என்ன பயன் என்ற கேள்வியை முன்னே வைத்தார். பழைய சிற்பங்களை நேசித்தவர்களுக்குக் கோபம். சண்டை நியாயமானது, இரு தரப்பிலும் உண்மை இருந்தது. அமைப்பு மெல்லக் காட்டைவிட்டு வெளியேறி, கோனிஸ்டன் ஏரிக்கு மேலே லாசன் பார்க் என்ற மலைப்பண்ணையைச் சீரமைத்து 2009-ல் திறந்தது. வரும் கலைஞர் அங்கே விருந்தாளி மட்டுமல்ல. தோட்டத்தில் மண் கிளற வேண்டும், சமைக்க வேண்டும், ஊர்க்கூட்டத்துக்குப் போக வேண்டும். இதற்கிடையே ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில், இளைஞர்கள் வெளியேறி வயோதிகர்கள் மிஞ்சிய தோகே என்ற நெல்விளையும் மலைக்கிராமத்துக்கு ஏழு கலைஞர்களை அனுப்பி, ஊரார் என்ன கேட்கிறார்களோ அதைச் செய்யவைத்தது.

லாசன் பார்க்குக்குக் கீழே, ஏரிக்கரையில் இருப்பது பிராண்ட்வுட். ஜான் ரஸ்கின் 1872 முதல் 1900-ல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. கலையைப் பற்றி எழுதி எழுதி, கடைசியில் உழைப்பைப் பற்றியும் கூலியைப் பற்றியும் எழுதாமல் கலையைப் பேச முடியாது என்ற முடிவுக்கு வந்தவர். வீட்டுக்குப் பின்னாலிருந்த கரட்டுநிலத்தில் படிக்கட்டு வயல் அமைத்து, நீர்த்தேக்கம் வெட்டி, இந்த மலையில் என்ன விளையும் என்று சோதித்துப் பார்த்தவர். அவருடைய ‘கடையனுக்கும் கதிமோட்சம்’ நூலை 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் படித்துத்தான் காந்தி ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் வெளிவரத் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகம் அந்தப் பண்ணைக்குத்தான் மாறியது. அச்சுக் கோப்பவரும் மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. லாசன் பார்க்கில் கலைஞர் களை எடுப்பதும் இதே கொடிவழிதான்.

என் மனம் நாஷின் ஓடையோடுதான் இருக்கிறது. ஆனாலும் சதர்லேண்டின் கேள்வியை ஒதுக்க முடியவில்லை. நம்மூரில் இன்று மலைத்தோட்டத்தில் ஒரு மாதம் தங்கி மூங்கிலும் சாணமும் கொண்டு ஒன்றைச் செய்து, திறப்புவிழா நடத்தி, படமெடுத்து, அறிக்கை சமர்ப்பித்துவிட்டு விமானம் ஏறும் திட்டங்களுக்குக் கிரைஸ்டேலின் இரண்டு பாதியும் தெரியவேண்டும். ஒன்று, போன பிறகு அந்த வேலையை யாரும் சீண்டாமல் உளுக்கவிடும் துணிவு. இன்னொன்று, தங்கியிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்திருப்பது. ஒரு மாதத்தில் இரண்டாவதற்கே நேரம் போதாது.

கோனிஸ்டன் கிராமத்தில் கிரைஸ்டேல் ஆர்ட்ஸ் ஒரு சின்னக் கடையும் வைத்தது. ஊரார் செய்த கைவேலையும் பலகாரமும் தோட்டத்து விளைச்சலும் அலமாரியில் இருக்கும். கல்லாவில் ஆள் இல்லை. விலையைப் பார்த்து, காசைப் பெட்டியில் போட்டுவிட்டு, சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். இதில் கலை எங்கே இருக்கிறது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் கேட்டது பெரும்பாலும் ஜாம் இன்னும் இருக்கிறதா என்றுதான் இருக்கும்.